பூனையின் வயதும் கவனிக்க வேண்டிய நோய்களும்

பூனைக்குட்டிக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், பசும்பால்தான் காரணம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். குடற்புழுக்களும், காய்ச்சலோடும் வாந்தியோடும் வரும் பன்லூக்கோபீனியா என்னும் கொடிய வைரஸ் நோயும் காரணமாக இருக்கலாம். தடுப்பூசியைக் குட்டியின் 6 முதல் 8 வார வயதுக்குள் தொடங்கி, குறைந்தது 16 வார வயது ஆகும்வரை மருத்துவர் கூறும் இடைவெளியில் தொடர வேண்டும்.

வளர்ந்த ஆண் பூனைகளைப் பொறுத்தவரை, மிகவும் அஞ்ச வேண்டியது சிறுநீர் அடைப்பு என்பேன். பூனை மணல் தட்டுக்கு அடிக்கடி சென்று முக்குவதையும் கத்துவதையும் மலச்சிக்கல் என்று எண்ணிப் பலர் கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்கின்றனர். ஆண் பூனையின் சிறுநீர்த் தாரை மிகக் குறுகலானது என்பதால், நுண்ணிய படிகங்களும் சளியும் சேர்ந்து அதை எளிதில் அடைத்துவிடுகின்றன. அடைப்பு நீடித்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பைக் குலைத்து, ஓரிரு நாள்களில் உயிரையே பறித்துவிடும். நள்ளிரவானாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பது நஞ்சு கொடுப்பதற்குச் சமம். அடைப்பு நீங்கிய பின், உலர் தீவனத்தைக் குறைத்து ஈர உணவைக் கூட்டுவது பெரும்பாலும் பயன் தரும்.

10 வயதைக் கடந்த பூனை வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து மெலிந்தால், சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை தேவை. அடர்ந்த ரோமம் மெலிவை மறைத்துவிடும் என்பதால், மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைக்கவும். 4 கிலோ பூனைக்கு 400 கிராம் குறைவு என்பது பத்தில் ஒரு பங்கு இழப்பாகும்.