குழிக்குள் போன 2 அடி

ராமேசுவரம் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் ஒரு வீடு கட்டும் வேலை எடுத்திருந்தேன். அஸ்திவாரம் 4 அடி என்று பேச்சு. தோண்டினால் பொலபொலவென்று கடல் மணல், ஓரம் சரிந்து ஊற்றுத் தண்ணீர் வேறு. "ஆழமாப் போங்கண்ணே, பாத்துக்கிடலாம்" என்றார் வீட்டுக்காரர். 6 அடி போனோம். கணக்குக் கொடுத்தபோது, "ஒப்பந்தத்துல இல்லையே" என்று கையை விரித்துவிட்டார்.

நான் சண்டைக்குப் போகவில்லை. குழிக்குள் டேப் பிடித்து எடுத்த போட்டோ, ஜல்லி, சிமெண்ட் பில், அவர் வாட்ஸ்அப்பில் போட்ட "சரி" எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கினேன். இனாமாகச் செய்யாத வேலையின் பலனை அனுபவித்தவர் ஈடு தரவேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு. அதையும் பதமாகச் சொன்னேன். ஆனால் அவரை அசைத்தது அந்த டேப் போட்டோதான். கூடுதல் கன அடிக்குப் பழைய ரேட். தண்ணீர் இறைத்த மோட்டார் வாடகையை நான் விட்டுக்கொடுத்தேன். பணம் இரண்டு தவணையில் வந்தது.