சிறுமியரின் உருவ ஓவியங்களை எப்படிப் பார்ப்பது?

ஒரு சிறுமியின் உருவ ஓவியத்தின் முன் நிற்கும்போது முகத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தப் படம் யாரிடம் போய்ச் சேருவதற்காக வரையப்பட்டது என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். வரையச் சொன்னவரும் பெற்றுக்கொண்டவரும் அவளிடம் எதை எதிர்பார்த்தார்கள் என்று தெரிந்துவிட்டால், உடையும் கைகளும் நிற்கும் விதமும் ஏன் அப்படி அமைந்தன என்பது விளங்கும்.

இதற்கு வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகம் மிகச் சிறந்த பயிற்சிக்களம். ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் மகள் மார்கரீத்தா தெரேசா 1651இல் பிறந்தாள். அவளை, வியன்னா அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் பின்னாளில் புனித ரோமப் பேரரசரானவருமான தாய்மாமன் முதலாம் லியோபோல்டுக்கே மணமுடித்துக் கொடுப்பதாக இரு அரச குடும்பங்களும் எண்ணியிருந்ததால், அவள் வளர வளர, அரசவை ஓவியர் டியேகோ வெலாஸ்கெஸ் வரைந்த படங்கள் மாட்ரிட்டிலிருந்து வியன்னாவுக்குப் போயின. அங்குள்ள முதல் படத்தில் அவள் இளஞ்சிவப்பு உடையணிந்த, மூன்று வயதுகூட நிரம்பியிராத குழந்தை. ஒரு கை மேசைமேல் இருக்கிறது. மறு கையில் இருப்பது விளையாட்டுப் பொருள் அன்று, மடித்த விசிறி. 1659இல் வரையப்பட்ட நீல உடைப் படத்தில் பாவாடை உட்சட்டத்தால் இருபுறமும் அகன்று விரிந்திருப்பதால் கைகளை உடலோடு ஒட்டித் தொங்கவிட வழியே இல்லை. எட்டு வயது உடலுக்கு வளர்ந்த பெண்ணின் இடுப்பகலத்தைக் கொடுக்கும் அந்த உடையில் ஓடவோ தரையில் உட்காரவோ முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்ததாக, அதே வீட்டுப் பையனின் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். அதே 1659இல் வெலாஸ்கெஸ் வரைந்த அவளுடைய தம்பி பெலிப்பே ப்ரோஸ்பெரோவும் பாவாடைதான் அணிந்திருக்கிறான். சிறு வயதுப் பையன்களுக்கும் அக்காலத்தில் அதுவே உடை என்பதால், பாவாடையை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. அவனுடைய வெள்ளை மேலாடையில் திருஷ்டி கழிக்கும் தாயத்துகளும் சிறு மணியும் தொங்குகின்றன. நோஞ்சானான அந்த வாரிசு பிழைத்திருக்க வேண்டும் என்பதே அரசவையின் கவலை. அக்காளைப் பற்றிய கவலையோ அவள் மணமகளாகத் தகுதி பெற வேண்டும் என்பது. தம்பி 1661இல் இறந்தான். அவளுக்கு 1666இல் திருமணம் நடந்தது. நான்கு குழந்தைகளைப் பெற்று, 1673இல் தன் 21ஆம் வயதில் இறந்துபோனாள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நீலப் பட்டின் பளபளப்பை வெறும் அழகாக என்னால் பார்க்க முடியவில்லை.

உடல் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அளந்து பாருங்கள். வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் மேரி கசாட்டின் 1878ஆம் ஆண்டு ஓவியத்தில், நீல நாற்காலியில் ஒரு சிறுமி கால்களை அகட்டி, ஒரு கையைத் தலைக்குப் பின்னால் மடக்கிச் சலிப்போடு சாய்ந்து கிடக்கிறாள். இடுப்புப் பட்டையும் காலுறையும் அணிவித்து யாரோ அவளை அலங்கரித்திருக்கிறார்கள். அவளோ அதற்கேற்ப அடக்கமாக உட்கார மறுக்கிறாள். பெண்குழந்தை என்றால் ஒடுங்கி உட்கார வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு வலுவானது என்பதை, அதை மீறும் இந்தப் படமே தெளிவாகக் காட்டுகிறது.

பெயர்ப் பலகையைக் கடைசியாகப் படியுங்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1882இல் வரைந்த பெரிய ஓவியத்தின் தலைப்பு ‘எட்வர்ட் டார்லி பாய்ட்டின் மகள்கள்’. தந்தை படத்தில் இல்லை, தலைப்பில் இருக்கிறார். மகள்கள் படத்தில் இருக்கிறார்கள், அவர்களுடைய பெயர்கள் தலைப்பில் இல்லை. ஆகவே ஜூலியா, மேரி லூயிசா, ஜேன், ஃப்ளாரன்ஸ் என்று வயது வரிசையில் ஒவ்வொருவராகப் பாருங்கள். நான்கு வயது ஜூலியா வெளிச்சத்தில், பொம்மையோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். 14 வயது ஃப்ளாரன்ஸ் பின்னால் இருட்டில், தன்னைவிட உயரமான ஜப்பானிய ஜாடியில் சாய்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள்.