மீராக்கின் ஒளியில் ஒளிந்திருக்கும் என்ஜிசி 404: பிடிப்பது எப்படி?

ஆண்ட்ரோமீடா விண்மீன் கூட்டத்தின் திசையில் உள்ள என்ஜிசி 404 ஒரு வில்லை வடிவ விண்மீன் மண்டலம். தொலைவு சுமார் ஒரு கோடி ஒளியாண்டு. இருண்ட வானத்தில் 6 அங்குல டெலஸ்கோப்புக்கே எட்டும். ஆனாலும் பலர் கண்ணில் படாமலே போகிறது. அதிலிருந்து 7 வில்நிமிடம் தள்ளி, அதாவது முழுநிலவின் அகலத்தில் கால்பங்குகூட இல்லாத இடைவெளியில், மீராக் என்ற சிவப்பு ராட்சத விண்மீன் கண்ணைக் கூசவைக்கிறது. மீராக் வெறும் 200 ஒளியாண்டில் இருப்பது. இரண்டும் ஒரே திசையில் தெரிகின்றன, அவ்வளவுதான். 1784-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்ட இந்த மண்டலத்துக்கு 'மீராக்கின் பேய்' என்றே பெயர்.

பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்த பெரிய சதுரத்தின் வடகிழக்கு மூலை அல்ஃபெராட்ஸ். அங்கிருந்து வடகிழக்காக நீளும் விண்மீன் வரிசையில் அடுத்த பிரகாசமானது மீராக். நவம்பர் கடைசியில் இரவு 9 மணிக்குத் தன் அதிகபட்ச உயரத்தில் இருக்கும். சென்னையில் 67 டிகிரி உயரம். அப்போது வடகிழக்குப் பருவமழை மறைத்தால், ஜனவரியில் இருட்டியதும் மேற்கே சாயும்முன் பார்த்துவிடலாம்.

8 அங்குல நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் டெலஸ்கோப்) என்றால் கண்ணாடி குளிர முக்கால் மணி நேரம் வெளியே வையுங்கள். 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) மீராக்கை நடுவே கொண்டுவாருங்கள். தானியங்கி மோட்டாரை நிறுத்தினால் விண்மீன் நகரும் பக்கம் மேற்கு. குழாயைத் துருவ விண்மீன் பக்கம் லேசாகத் தள்ளினால் புது வானம் நுழையும் பக்கம் வடக்கு. மண்டலம் மீராக்குக்கு 6 வில்நிமிடம் வடக்கே, கொஞ்சம் மேற்கே இருக்கிறது. மீராக்குக்கு 17 விநாடி முன்னதாகவே நகர்ந்து போகும்.

மங்கலான பொருளுக்குக் குறைந்த உருப்பெருக்கம் என்ற வழக்கமான அறிவுரை இங்கே பலிக்காது. 1200 மி.மீ. குவியத்தூரத்துக்கு 6 மி.மீ. ஐபீஸ் போட்டு 200 மடங்குக்குப் போங்கள். 50 டிகிரி பார்வைக்கோணம் கொண்ட ஐபீஸில் அப்போது தெரியும் வானம் 15 வில்நிமிடம்தான். குழாயை வடக்கே நகர்த்தி, மீராக்கைத் தெற்கு விளிம்புக்கு அப்பால் ஒளித்துவிடுங்கள். கூச்சம் அடங்கியதும், பார்வையைச் சற்று விலக்கிப் பாருங்கள்: விபூதி தொட்ட விரலைக் கறுப்புத் துணியில் ஒற்றி எடுத்ததுபோல் ஒரு வட்டம், நடுவில் மட்டும் கொஞ்சம் அடர்த்தி. சுழல்கரம் எதையும் தேடாதீர்கள். வில்லை மண்டலத்துக்கு அது கிடையாது.

ஐபீஸுக்குள் மீராக்கின் பிரதிபலிப்பு உண்டாக்கும் போலி மங்கலைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். மீராக்கைப் பார்வைக்களத்துக்குள் கொண்டுவந்து குழாயை மெல்ல அசையுங்கள். போலி எதிர்ப்பக்கம் ஓடும், அல்லது விண்மீன் வெளியேறியதும் மறையும். மண்டலமோ பக்கத்து விண்மீன்களோடு ஒட்டியே நகரும். ஐபீஸைச் சுழற்றும்போது கறையும் சேர்ந்து சுழன்றால் அது வில்லையில் படிந்த அழுக்கு.

பனியும் இதே கெடுதலைச் செய்யும். முன்னால் வில்லை உள்ள டெலஸ்கோப் என்றால், மார்கழியில் அந்த முன்வில்லை லேசாக வியர்த்தாலே மீராக்கைச் சுற்றி ஒளிவட்டம் விரிந்து மண்டலத்தை விழுங்கிவிடும். துணியால் துடைக்காதீர்கள், முன்வில்லையின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளத்தில் கறுப்புச் சார்ட் தாளைக் குழாயாகச் சுற்றி முன்னால் மாட்டுங்கள். சில நிறங்களை மட்டும் உள்ளே விடும் நெபுலா ஃபில்டர் உதவாது: மண்டலத்தின் ஒளி விண்மீன்களின் ஒளிதான், எல்லா நிறத்திலும் பரவியிருப்பது, ஃபில்டர் அதையும் சேர்த்தே வெட்டும்.

படம் எடுப்பவர்கள் ஒரே நீண்ட எக்ஸ்போஷரை நம்ப வேண்டாம். மீராக் பொங்கி வழியும். 30 விநாடிப் படங்களாக நிறைய எடுத்து அடுக்குங்கள்.