ஸ்பைடர்மேனின் எதிரி லிசார்ட்: விவரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிசார்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் "பச்சை நிற ராட்சதப் பல்லி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பச்சை சரி. மற்றபடி அந்த உடல்வாகு சுவரில் ஓடும் பல்லியுடையது அல்ல. நீண்ட மூஞ்சி, தடித்த செதில், கனத்த வால் என்று பார்த்தால் உடும்புக்கோ முதலைக்கோதான் கிட்டே வரும். சுவரேறும் திறமை மட்டும் பல்லியினுடையது. இரண்டு காலில் நிமிர்ந்து நிற்பான். கிழிந்த வெள்ளை ஆய்வகக் கோட்டும் ஊதா நிறக் கால்சட்டையும் காமிக்ஸில் அவனுடைய அடையாளம். இவற்றை விட்டுவிட்டால் வேறு எந்த ஊர்வன வில்லனுக்கும் அந்த விவரணை பொருந்திவிடும்.

அடிக்கடி தவறாகச் சொல்லப்படுவது கை. லிசார்டாக மாறுகிறவர் டாக்டர் கர்ட் கானர்ஸ்; மனிதராக இருக்கும்போது அவருக்கு இல்லாதது வலது கை. இடது என்று எழுதுவதும் வரைவதும் தவறு. அவர் போரில் கையை இழந்த அறுவை மருத்துவர். கை மீண்டும் வளர ஒரு மருந்தைக் குடித்து லிசார்டாக மாறியதும் இரண்டு கைகளும் இருக்கும்; அதை முறிக்கும் மாற்று மருந்து வேலை செய்து மனிதராகத் திரும்பும்போது அந்த வலது கையும் போய்விடும். எதற்காக மருந்தைக் குடித்தாரோ அதுவே கையைவிட்டுப் போகிறது. இந்தக் கதாபாத்திரத்தின் சோகம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. "கை முளைத்தது, வில்லன் ஆனார்" என்று அவசரமாகத் தாண்டிப் போனால் கதையின் உயிரே போய்விடும்.

மாற்றத்துக்குக் காரணம் கதிர்வீச்சோ விலங்குக் கடியோ அல்ல. ஊர்வனவற்றை ஆராய்ந்து அவரே தயாரித்த மருந்து. இழந்த உறுப்பைப் பல்லியினம் திரும்ப வளர்த்துக்கொள்ளும் என்பது கதையின் அடிப்படை. அதை அப்படியே அறிவியல் உண்மையாக எழுதக் கூடாது. பல பல்லிகளுக்கு அறுந்த வால் மீண்டும் வளரும். அப்படி வளரும் வாலில் முள்ளெலும்புத் தொடர் இருக்காது, குருத்தெலும்புத் தண்டுதான் இருக்கும். கால் முழுதாகத் திரும்ப முளைப்பது சாலமாண்டருக்கு. அது ஊர்வன அல்ல, நீர்நில வாழ்வன.

குளிர்ந்தால் அவன் மந்தமாகிவிடுவான். சண்டைக் காட்சியை விவரிக்கும்போது இது முக்கியம்.

அறிவு மங்கிய வெறும் மிருகம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1963-ல் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 6-வது இதழில் அறிமுகப்படுத்திய லிசார்ட் பேசுவான், திட்டம் போடுவான்; புளோரிடா சதுப்பு நிலத்தில் ஊர்வனவற்றைத் திரட்டிப் படை அமைக்கப் பார்ப்பான். பின்னாளில் வேறு கதாசிரியர்கள் எழுதியபோது வெறியே மேலோங்கியது. 2010-ல் வந்த கதையில் சொந்த மகன் பில்லியையே கொன்றுவிடுகிறான். பிறகு வந்த கதைகளில் பில்லி உயிரோடு திரும்புகிறான். ஆகவே குணத்தைச் சொல்லும்போது எந்த ஆண்டுக் கதை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கானர்ஸ் நல்லவர், ஸ்பைடர்மேனுக்குப் பலமுறை உதவியவர். அவரையும் லிசார்டையும் ஒரே ஆளாகப் பாவித்து "கொடூர விஞ்ஞானி" என்று எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

சினிமாவைக் காமிக்ஸோடு கலப்பது இன்னொரு குழப்பம். 2004, 2007 படங்களில் டிலன் பேக்கர் கானர்ஸாக வருகிறார்; ஆனால் லிசார்டாக மாறவே இல்லை. மாறியது 2012 படத்தில், ரைஸ் இஃபான்ஸ். அந்த லிசார்டுக்கு நீண்ட மூஞ்சி கிடையாது, முகம் தட்டையாக மனித முகம் போலவே இருக்கும். காமிக்ஸ் தோற்றத்தைச் சொல்லிவிட்டு இந்தப் படத்தை அருகில் போட்டால் வாசகர் குழம்புவார்.

கில்லர் கிராக்கையும் இவனையும் மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு. கிராக் டிசி என்ற காமிக்ஸ் நிறுவனத்தின் பாத்திரம், 1983-ல் வந்த பேட்மேன் எதிரி. இயற்பெயர் வேலன் ஜோன்ஸ். பிறவியிலேயே தோல் நோய் உள்ளவன். மருந்து குடித்து மாறியவன் அல்ல, திரும்பிப் போக அவனுக்கு வேறொரு மனித உருவமும் இல்லை. வாலும் பெரும்பாலான கதைகளில் கிடையாது.