எல்லாப் பழியும் குளிருக்கே: மலையில் மூட்டுவலியோடு வாழ்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டிலிருந்து தார்ச்சாலைக்கு ஏற 64 படிகள். ஐப்பசி மழையில் பாசி பிடித்து வழுக்கும். அம்மா 31 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். நனைந்த மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு எடை போடும் இடம் வரை சரிவில் இறங்கி இறங்கி, இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. அக்கா தையல் வேலை செய்பவர். 38 வயதில் அவருடைய விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. ஒரே வீடு, ஒரே குளிர் என்பதால் இருவருக்கும் ‘வாதம்’ என்று ஒரே பெயரைச் சூட்டினோம். ஒரே மாத்திரை அட்டையிலிருந்து ஆளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளவும் விட்டோம். எங்கள் வீட்டில் நடந்த தவறுகளில் பெரியது இதுதான். மற்றவை எல்லாம் இதன் வயிற்றில் பிறந்தவை.

“குளிர் ஊர், அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நாள் கீழே போய் இருந்துவிட்டு வா” என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஒரு சித்திரை மாதம் அக்காவை மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டில் விட்டு வந்தோம். அங்கே வெயில் கொளுத்துகிறது. மூன்றாம் நாள் காலையில் அக்காவால் தன் ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியவில்லை. சித்திதான் மாட்டிவிட்டார். “இந்த வெயிலிலும் விரல் மடங்கவில்லையே, இது எப்படியடி குளிரால் வந்த நோயாகும்?” என்று முதலில் கேட்டவரும் அவர்தான். பரிசோதித்ததில் முடக்குவாதம் என்று தெரிந்தது. அதற்குள் இரண்டு ஆண்டுகள் போயிருந்தன. வலது கையில் இரண்டு விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. மருந்து வலியையும் வீக்கத்தையும் அடக்கியது. சாய்ந்த விரல்கள் சாய்ந்தவைதான்.

குளிரில் வலி கூடுதலாகத் தெரியும் என்பது உண்மை. தசைகள் இறுகுகின்றன, நடமாட்டம் குறைகிறது, மூட்டு மேலும் விறைக்கிறது. ஆனால் முழங்காலின் குருத்தெலும்பைத் தேய்ப்பது குளிர் இல்லை. வயதும், உடல் எடையும், பழைய காயங்களும், ஆண்டுக்கணக்கில் சுமந்த பளுவும்தான் அதைத் தேய்க்கின்றன. முடக்குவாதமோ நம் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதால் வருவது. ஆண்களைவிடப் பெண்களை இது இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஓர் எளிய அடையாளம் உண்டு. தேய்மானம் உள்ளவர்களுக்குக் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். நடக்க நடக்க, வேலை செய்யச் செய்ய வலி ஏறும். முடக்குவாதத்தில் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். கைகால்களின் சிறிய மூட்டுகள் இரு பக்கமும் ஒருசேர வீங்கும். வேலை செய்யச் செய்யச் சற்று இளகும். யூரிக் அமிலத்தால் வருவது இன்னொரு வகை. அது பெரும்பாலும் ஒரே இரவில் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்ளும். போர்வை பட்டால்கூடத் துடிக்க வைக்கும். அடையாளம் தெரிந்துவிட்டது என்று நாமே தீர்ப்பு எழுதிவிடவும் கூடாது. முடக்குவாதத்தைக் கண்டறிய இரத்தத்தில் தேடிப் பார்க்கும் ‘ஆர்.ஏ. காரணி’ இல்லாமலேயே முடக்குவாதம் இருக்கலாம். அந்த ஒரு பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்து நிம்மதியடைந்தவர்களும் பின்னால் வருந்தியிருக்கிறார்கள்.

ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து, சுட்டு, அதோடு காய்ச்சலும் வந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். மூட்டுக்குள் கிருமித் தொற்று இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாத்திரையில் செய்யும் தவறுகள்

கடையில் ‘மூட்டுவலி மாத்திரை’ என்று கேட்டு வாங்குவது மலையில் சாதாரணம். மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் கூலி போய்விடும், கடை பஸ் நிறுத்தத்திலேயே இருக்கிறது. டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் போன்றவற்றைச் சில நாள் மருத்துவர் சொன்னபடி எடுப்பது வேறு. மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் விழுங்குவது வேறு. இரைப்பையில் புண் வரும், இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் பழுதாகும். சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அம்மாவுக்குக் கால் வீங்கியபோது அதையும் முழங்கால் வீக்கத்தோடு சேர்த்துவிட்டோம். உண்மையில் இரத்த அழுத்தம் எகிறியிருந்தது.

பெயர் எழுதாத பொடியும் பொட்டலமும் இன்னொரு கண்ணி. பல ஆண்டு வலி மூன்றே நாளில் பறந்துவிட்டால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்பி வட்டமாகும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போவதுதான் வழி. சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் அதற்கு அரசு மருத்துவமனைகளிலேயே பிரிவுகள் உண்டு. இரண்டு பக்கமும் மருந்து எடுப்பவர்கள் இரண்டு மருத்துவர்களிடமும் அதைச் சொல்ல வேண்டும்.

முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அது வாரத்துக்கு ஒரு நாள் எடுக்கும் மருந்து. தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை. புது நாட்காட்டி வந்ததும் எல்லா ஞாயிற்றுத் தாளிலும் சிவப்பு வட்டம் போட்டுவிடுவோம். ஃபோலிக் அமில மாத்திரை மருத்துவர் சொன்ன நாளில். குழந்தைப் பேற்றை எதிர்பார்ப்பவர்கள் இந்த மருந்தை எடுக்கவே கூடாது. முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். கல்லீரலுக்கும் இரத்த அணுக்களுக்குமான பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது. ‘வலிதான் இல்லையே, எதற்கு 33 கிலோமீட்டர் மலை இறங்க வேண்டும்’ என்று அக்காவும் ஒருமுறை மருந்தையும் நிறுத்திவிட்டு இருந்துவிட்டார். வலி இல்லாததற்குக் காரணமே அந்த மருந்துதான். நிறுத்திய ஆறாவது வாரம் கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவியது.

முழங்காலுக்கு ஓய்வு என்ற பெயரில்

தேய்ந்த மூட்டைப் பயன்படுத்தினால் இன்னும் தேயும் என்று அம்மாவை உட்கார வைத்தோம். அதுவும் எங்கே? விறகடுப்பின் முன்னால், மணைக்கட்டையில், முழங்கால் முழுதாக மடிய. ஒரு குளிர்காலத்திலேயே தொடைத் தசை வற்றிவிட்டது. முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது அந்தத் தசைதான். அது வற்றினால் உடலின் பாரம் முழுவதும் மூட்டின் மேல்தான் விழும்.

இப்போது அம்மா உயரமான நாற்காலியில் உட்கார்ந்துதான் குளிர் காய்கிறார். உலை கொதிக்கும் நேரத்தில் ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்குவார். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். முதல் வாரம் முனகினார், பிறகு தானாகவே செய்கிறார். பயிற்சிக்குப் பின் வரும் வலி இரண்டு மணி நேரத்தில் அடங்கினால் தொடரலாம். மறுநாளும் நீடித்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

எங்கள் ஊரில் முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கடினம். கைத்தடியை வலிக்கும் கால் பக்கமே பிடிப்பது எல்லோரும் செய்யும் தவறு. எதிர்ப் பக்கக் கையில் பிடிக்க வேண்டும். ஏறும்போது நல்ல கால் முன்னே போகட்டும், இறங்கும்போது தடியும் நோகும் காலும் முன்னே. அம்மா இதைப் பழக நான்கு நாட்கள் ஆயின. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பளு ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. 64 படிகளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தைலமும் தணலும்

நீலகிரித் தைலம் இல்லாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. தேய்த்தால் தோல் சூடாகும், சற்று நேரம் வலி மறக்கும். தேய்க்கிற கையின் பரிவும் மருந்துதான். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். விண்டர்கிரீன் எண்ணெய் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. அதில் இருப்பது ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்த பொருள். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தேய்க்கக் கூடாது. தேய்த்த இடத்தில் சூடான ஒத்தடமும் கூடாது. இரண்டு தைலங்களுமே குழந்தைகள் கொஞ்சம் குடித்துவிட்டால்கூட நஞ்சு. எட்டாத இடத்தில் வையுங்கள்.

கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. மலையில் இப்படி உறக்கத்திலேயே உயிர் போன செய்திகளைப் பலமுறை படித்திருக்கிறோம். வெந்நீர்ப் பை, கம்பளிக் காலுறை, படுக்கும் முன் வெந்நீரில் பத்து நிமிடம் கை வைத்தல் ஆகியவையே போதும்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உருளைக்கிழங்கு வாயு என்று, விளைகிற ஊரிலேயே அதை ஒதுக்குகிறார்கள். மூட்டுவலிக்காக அதை விட வேண்டியதில்லை. ஆட்டுக்கால் சூப் நேராக முழங்காலில் போய்ச் சேராது; பிடித்தால் குடிக்கலாம். யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள்தான் ஈரல், குடல், பீர் ஆகியவற்றை விலக்க வேண்டும்.

கடைசியாக, மருத்துவரிடம் வெறுங்கையோடு போவது. முடக்குவாதத்தில் வீக்கம் காலை ஆறு மணிக்கு உச்சத்தில் இருக்கும். பஸ் பிடித்து மலை இறங்கி, வரிசையில் உட்கார்ந்து உள்ளே போவதற்குள் பதினொன்றாகிவிடும், விரல்களும் வடிந்திருக்கும். அக்காவுக்கு இரண்டு ஆண்டுகள் இப்படியும்தான் போயின. மேட்டுப்பாளையத்தில் சித்தி ஒரு வாரம் தினமும் காலையில் அக்காவின் இரண்டு கைகளையும் மேசை மேல் விரிக்கச் சொல்லிச் செல்போனில் படம் எடுத்தார். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதியும் வைத்தார்: “6.10க்கு எழுந்தாள். 7.40க்குத்தான் முஷ்டி மடங்கியது.” அந்த வரியைப் படித்த பிறகுதான் மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.