பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பிள்ளையைத் திடீரென்று காணோம் என்றால் பெற்றவர்களுக்குக் கைகால் ஓடாது. பதறுவதைத் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பதற்றத்தில் எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது.

காவிரிப் பாசனப் பகுதியில் இருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருப்பது. கட்டிலுக்கு அடியில் தூங்கிப்போன பிள்ளை பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் அங்கேதான் தூங்கிக்கொண்டிருக்கும். தண்ணீரில் விழுந்த பிள்ளைக்கு அவ்வளவு நேரம் கிடையாது. மூச்சு நின்ற நாலைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். அதனால் முதல் ஓட்டம் கொல்லைக் கிணறு, குளம், வாய்க்கால், பம்ப்செட் தொட்டி, மூடாத செப்டிக் டேங்க் ஆகியவற்றை நோக்கித்தான் இருக்க வேண்டும். வீட்டுக்குள் தேட இன்னொருவரை விடுங்கள்.

“விழுந்திருந்தால் அலறியிருக்குமே, சத்தமே கேட்கலையே” என்று நினைத்து வாய்க்கால் பக்கம் போகாமல் இருந்துவிடுகிறார்கள். மூழ்கும் பிள்ளையால் கத்த முடியாது. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்றும் அலட்சியமாக இருக்காதீர்கள். நமக்கு முழங்கால் அளவு என்றால் தவழும் குழந்தைக்கு அது தலைக்கு மேல்.

மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். சில நாட்களில் கல்லணையும் திறந்து, காவிரியிலும் வெண்ணாற்றிலும் தண்ணீர் வந்து, கிளை வாய்க்கால்கள் ஒவ்வொன்றாக நிரம்பும். போன வாரம் பிள்ளைகள் பந்து விளையாடிய மணல் திட்டில் இந்த வாரம் இழுப்பு இருக்கும். இது பிள்ளைக்குத் தெரியாது. ஆகாயத்தாமரை மூடிய குளமோ அதற்குப் பச்சைப் புல்வெளியாகத் தெரியும். ஓடும் வாய்க்காலில் விழுந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் எல்லோரும் விழுந்த இடத்திலேயே நிற்காதீர்கள். ஒருவர் உடனே கீழே அடுத்த மதகுக்கு ஓட வேண்டும். நீச்சல் தெரியாதவர் இறங்கவே கூடாது. கயிறோ மூங்கிலோ கொண்டு வரலாம்.

தூக்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடிப்பது, வயிற்றை அமுக்குவது, தலைமேல் வைத்துச் சுற்றுவது இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும், பொன்னான நேரமும் போகும். 108க்கு ஒருவர் போன் செய்யட்டும். மூச்சில்லை என்றால் தலையை லேசாகச் சாய்த்து, முகவாயைத் தூக்கி, முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். அப்படியும் அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதி, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்ய வேண்டும். பிள்ளை கண் விழித்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டியே ஆக வேண்டும்.

சரி, தண்ணீரில் இல்லை என்று தெரிந்துவிட்டது. அப்புறமும் பலர் வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள், அல்லது “நீதானே பாத்துக்கிட்டிருந்தே” என்று தங்களுக்குள் சண்டை போடுகிறார்கள். கோயில் மைக்கிலோ பள்ளிவாசல் மைக்கிலோ சொல்லச் சொன்னால் ஊரே தேட வரும். வீட்டில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், பிள்ளை தானாகத் திரும்பி வரலாம். கூப்பிடும் குரலில் கோபம் வேண்டாம். “கையில மாட்டுனா இருக்கு உனக்கு” என்று கத்தினால் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பிள்ளை இன்னும் உள்ளே போகும்.

24 மணி நேரம் கழித்துத்தான் போலீசுக்குப் போக வேண்டும் என்பது சட்டத்தில் எங்கும் இல்லை. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரில் வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே உத்தரவிட்டிருக்கிறது. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அவசர உதவிக்கான 112, குழந்தைகள் உதவிக்கான 1098 இரண்டுமே இலவச எண்கள்.

ஆடிப்பெருக்கு படித்துறை, வேளாங்கண்ணித் திருவிழா, திருவாரூர்த் தேர் என்று கூட்டத்துக்குப் போகும் நாளில், கிளம்பும்போதே பிள்ளையை அன்றைய உடுப்போடு ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். என்ன கலர் சட்டை என்று போலீஸ் கேட்கும்போது பதற்றத்தில் வாயில் வராது. பிள்ளையின் கையில் போன் நம்பரையும் எழுதிவிடுங்கள்.

தெருவில் புதிதாக ஒருவர் நின்றார் என்பதற்காக அவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று சொல்லிவிடாதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு வயதான பெண்மணியை இந்தச் சந்தேகத்திலேயே அடித்துக் கொன்றார்கள். சந்தேகம் இருந்தால் போலீசிடம் சொல்லுங்கள், அது போதும்.

பிள்ளை கிடைத்ததும் முதுகில் நாலு வைக்காதீர்கள். அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை கூப்பிட்டால் வராது. முதலில் தூக்கி அணைத்துக்கொள்ளுங்கள், எங்கே போனாய் என்பதைச் சாயங்காலம் கேட்கலாம். அப்புறம் தேடப் போன எல்லோருக்கும், போலீசுக்கும், வாட்ஸ்அப் குழுக்களுக்கும் உடனே தகவல் சொல்லிவிடுங்கள். உங்கள் பிள்ளைக்காக வாய்க்காலில் இறங்கியவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள்.