கேரவன் இழுக்கும்போது: டிக்கியில் தொடங்கும் தவறு

போன ஆகஸ்ட் பேங்க் ஹாலிடே (பொது விடுமுறை) வாரத்தில் இங்கிலாந்தின் ஸ்கார்பரோவுக்குப் பக்கத்தில் ஒரு கேரவன் தளத்தில் தங்கியிருந்தோம். எதிரில் ஓர் இளம் தமிழ்க் குடும்பம் கிளம்பிக்கொண்டிருந்தது. நீளமான எஸ்டேட் கார், டிக்கி கூரைவரை நிரம்பியிருந்தது. கொக்கியை மாட்டியதும் காரின் பின்பக்கம் தரையை நோக்கி அமிழ்ந்தது. அந்தத் தம்பி யோசித்துவிட்டு, கேரவனின் முன்பெட்டியில் இருந்த ஆவ்னிங் (கேரவனின் பக்கவாட்டில் இணைத்துக் கட்டும் கூடாரம்) பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசிப் படுக்கைக்கு அடியில் வைத்தார். கார் கொஞ்சம் எழும்பியது. "இப்ப லெவல் ஆயிடுச்சு பாருங்கண்ணா" என்றார்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன், அதே திருப்தியோடு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி ஞாபகத்துக்கு வரலாம். பிரிட்டனில் கேரவன் என்றால் எஞ்சின் இல்லாத சக்கர வீடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போக வேண்டும். எஸ்டேட் கார் என்பது கூரை பின்கதவுவரை நீண்டிருக்கும் கார். 1990களில் நம் ஊரில் ஓடிய டாடா எஸ்டேட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

1997 ஜனவரி 1 முதல் கார் லைசன்ஸ் எடுத்தவர்கள் பெரிய கேரவன் இழுக்கத் தனியாக ஒரு டெஸ்ட் கொடுக்க வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அது தேவையில்லை. சாதாரண கார் லைசன்ஸ் இருந்தால் 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். வசதிதான். ஆனால் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே மோட்டார்வேயில் ஏறிவிடவும் முடிகிறது.

கேஸ் சிலிண்டரை மூடுவது, கேரவனின் தாங்குகால்களைத் தூக்கிவிடுவது, கதவைப் பூட்டுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை ஒருமுறை மறந்தால் அடுத்த முறை தானாகவே ஞாபகம் வரும்.

முன்பாரத்தைக் குறைக்கப் பின்னால் பாரம் ஏற்றுவது

தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் தாத்தா மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்ப்பார். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் ஆகிவிட்டால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். அளவான முன்பாரம் இருந்தால்தான் வண்டி மாட்டுக்குப் பின்னால் ஒழுங்காக வரும். கேரவனிலும் அதே கணக்குதான். கேரவனின் மூக்கு காரின் டோ பால் (காரின் பின்னால் கேரவனை மாட்டும் இரும்பு உருண்டை) மீது எத்தனை கிலோ அழுத்துகிறது என்பதுதான் முன்பாரம். அது கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். 1,400 கிலோ கேரவனுக்கு 70 முதல் 98 கிலோ. கார், டோ பார் (டோ பாலைத் தாங்கும் இரும்புச் சட்டம்), கேரவன் கொக்கி மூன்றுக்கும் தனித்தனி உச்சவரம்பு உண்டு. மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. எனக்கு அது 90 கிலோ.

முதல் வருடம் டெவனுக்குப் போனோம். டிக்கி பெரியதாக இருக்கிறதே என்று பத்து கிலோ அரிசி, கிரைண்டர், மடக்கு நாற்காலிகள், தளத்தில் குழாய் தூரமாக இருந்தால் என்ன செய்வது என்று 40 லிட்டர் உருளை நிறையத் தண்ணீர், எல்லாவற்றையும் உள்ளே வைத்தேன். தண்ணீர் மட்டுமே 40 கிலோ. கொக்கியை மாட்டியதும் காரின் பின்பக்கம் அமிழ்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "மூக்கு கனமாக இருக்கிறது" என்றார். நானும் நம்பினேன். 25 கிலோ ஆவ்னிங்கை முன்பெட்டியிலிருந்து எடுத்துக் கடைசியில் வைத்தேன். கார் நிமிர்ந்தது.

மூக்கு கனமாக இல்லவே இல்லை. பிரச்சினை டிக்கியில் இருந்தது. எஸ்டேட் காரில் பின்சக்கரத்துக்குப் பின்னால் உடல் நீண்டிருக்கும். டோ பால் அதற்கும் பின்னால். முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையே 2.8 மீட்டர், பின் ஆக்ஸிலிலிருந்து டோ பால் 1.15 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 85 கிலோ முன்பாரம் பின் ஆக்ஸிலில் 85 ஆக இறங்காது, 120 ஆக இறங்கும். மிச்சம் 35 கிலோ முன்சக்கரங்களிலிருந்து கழியும், ஸ்டியரிங் லேசாகும். டிக்கியின் கடைசியில் வைக்கும் சாமானும் இப்படித்தான் நெம்பும். இரண்டும் சேர்ந்து காரை அமிழ்த்தும்போது, பழி கேரவன் மூக்கின் மேல் விழுகிறது.

நான் செய்த "சரிப்படுத்தல்" என்ன ஆனது என்று பாருங்கள். கொக்கியிலிருந்து கேரவன் ஆக்ஸில் 4 மீட்டர். ஆவ்னிங் ஆக்ஸிலுக்கு 2.5 மீட்டர் முன்னால் இருந்து 2.5 மீட்டர் பின்னால் போனது. முன்பாரம் ஒரேயடியாக 31 கிலோ குறைந்தது. 85 இருந்தது 54 ஆனது, அதாவது 4 சதவீதத்துக்கும் கீழே. அது மட்டுமில்லை, கேரவனின் வாலில் ஒரு குண்டைக் கட்டியது போல ஆயிற்று. ஒருமுறை ஆடத் தொடங்கினால் அந்தக் கனம் ஆட்டத்தை நிற்க விடாது. ஆக்ஸிலிலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் உள்ள எடை, ஆட்டத்தை அடக்குவதை நான்கு மடங்கு கடினமாக்கும்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. அதுதான் இந்தத் தவறின் கொடுமை. திரும்பும் நாள் காலையில் மழை. நனைந்த ஆவ்னிங்கைச் சுருட்டி அதே இடத்தில் வைத்தேன். பத்து கிலோ கூடியிருக்கும். டோர்கீயிலிருந்து எக்ஸெட்டர் நோக்கி ஏ380 சாலையில் டெலிகிராஃப் ஹில் இறக்கத்தில் வந்தோம். செங்குத்தான இறக்கம், என் வேகம் 50 மைலைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஒரு கோச் பஸ் முந்தியது. பெரிய வண்டி முந்தும்போது அதன் முன்காற்று கேரவனை முதலில் தள்ளிவிடும், பிறகு தன் பக்கம் இழுக்கும். கேரவன் ஒருமுறை ஆடியது, பிறகு இன்னும் அகலமாக ஆடியது. நான் பிரேக்கை மிதித்தேன். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டினேன். இரண்டுமே செய்யக்கூடாதவை. நான்காவது ஆட்டத்தில் கேரவன் நடுத்தடுப்பில் மோதிக் குடைசாய்ந்தது. கொக்கி முறுக்கிக்கொண்டு காரின் பின்பாதி குறுக்கே திரும்பியது. பின்சீட்டில் என் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். யாருக்கும் காயமில்லை. அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்கும்.

கேரவனை 6,500 பவுண்டுக்கு வாங்கியிருந்தேன். தகடும் பலகையுமாகத்தான் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இப்போதும் ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒருவர் கூடாரப் பையைத் தூக்கிக்கொண்டு கேரவனின் கடைசிக்கு நடப்பதைப் பார்க்கிறேன். கோபம் வருகிறது. அவர்கள் மேல் இல்லை. "மூக்கு கனம், பின்னால் வை" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மேல்.

கனமான சாமான் கேரவன் ஆக்ஸிலுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக இருக்கட்டும். ஆவ்னிங்குக்கு வேறு இடமே கிடையாது. பின்படுக்கைக்கு அடியில் துணி, தலையணை மட்டும். தண்ணீர் உருளை காலியாக வரட்டும். குழாய் இல்லாத தளத்தை நான் பார்த்ததில்லை. கார் அமிழ்ந்தால் முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். கனமானதைப் பின்சீட்டின் முதுகை ஒட்டி வையுங்கள். காரின் எடைத் தகட்டில் நான்கு எண்கள் இருக்கும்: காரின் மொத்த எடை, கேரவனோடு சேர்த்து மொத்த எடை, முன் ஆக்ஸில் வரம்பு, பின் ஆக்ஸில் வரம்பு. எஸ்டேட் வைத்திருப்பவர்களை மாட்டிவிடுவது நான்காவது எண்தான். வே பிரிட்ஜில் (வண்டிகளை எடை போடும் மேடை) பின்சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். சில எஸ்டேட்களில் பின் சஸ்பென்ஷன் தானே உயர்ந்து காரை நேராக நிறுத்திவிடும். நேராக நிற்பதால் எடை குறைந்துவிடாது.

முன்பாரத்தைக் கண்ணால் அளக்க முடியாது. சமதரையில் கேரவன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, குளியலறை எடை மெஷின் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, கொக்கித் தலையை அதன் மேல் இறக்குங்கள். கேரவன் மட்டமாக நிற்கும் உயரத்துக்கு மரத்துண்டை வெட்டியிருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. சாமான் இடம் மாறினாலும் ஆவ்னிங் நனைந்தாலும் மறுபடி அளக்க வேண்டும்.

அப்படியும் ஆட்டம் வந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருங்கள். பிரேக் வேண்டாம். வேகத்தைக் கூட்டி இழுத்தால் நேராகும் என்பதை நம்பவே வேண்டாம். அடங்கியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திச் சாமானை மாற்றி வையுங்கள்.

ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று இருந்துவிடுவது

கொக்கித் தலையில் உராய்வுப் பட்டைகள் உள்ள ஸ்டெபிலைசர் சின்ன ஆட்டத்தை அடக்கும். தப்பாக ஏற்றிய பாரத்தை அது சரிசெய்யாது. தப்பு வெளியே தெரியும் வேகத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடும். அந்த வகைக் கொக்கிக்கு டோ பாலில் கிரீஸ் தடவக்கூடாது. சுத்தமாகத் துடைத்து, காய்ந்திருக்க வேண்டும்.

85 சதவீதம்

சாமானோடு கேரவனின் உச்ச எடை, காரின் கெர்ப் எடையில் (சாமான் ஏற்றாத காரின் எடை) 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும். இது சட்டமில்லை, புதியவர்களுக்கான அறிவுரை. கார் 1,700 கிலோ என்றால் கேரவன் 1,445. காரால் 2,000 கிலோ இழுக்க முடியும் என்று கையேட்டில் இருக்கலாம். இழுக்க முடிவது வேறு, கட்டுக்குள் வைத்திருக்க முடிவது வேறு.

ட்ரெட் (டயரின் வரிப்பள்ளம்) இருக்கிறது என்று டயரை நம்புவது

கேரவன் டயர் தேய்ந்து போவதற்குள் கிழடாகிவிடும். வருடத்தில் பத்து மாதம் ஒரே இடத்தில் நின்று வெடிப்பு விடும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3519 என்றால் 2019-இன் 35-ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடத்தில் மாற்றுங்கள், ஏழுக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

பிரேக்அவே கேபிள்

ஓடும்போது கேரவன் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கை இழுத்துவிடும் கம்பி இது. டோ பாலைச் சுற்றி வளையமாகப் போடாதீர்கள். நழுவிவிடும். அதற்கென்று உள்ள துளையில் மாட்டுங்கள்.

கண்ணாடி

கேரவன் காரைவிட அகலமென்றால் இரண்டு பக்கமும் நீட்டுக் கண்ணாடி கட்டாயம். பின்னால் வருவது சரியாகத் தெரியாமல் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதமும் லைசன்ஸில் 3 புள்ளிகளும் உண்டு.

வேகம்

மோட்டார்வே, நடுத்தடுப்பு உள்ள டூயல் கேரேஜ்வேயில் மணிக்கு 60 மைல். நடுத்தடுப்பு இல்லாத சாலையில் 50. மூன்று தடத்துக்கு மேல் உள்ள மோட்டார்வேயானாலும் மூன்று தடமானாலும் வலது ஓரத் தடம் நமக்கில்லை.

காரின் இன்ஷூரன்ஸ்

கேரவன் விஷயத்தில் அது பெரும்பாலும் நீங்கள் மற்றவர்களுக்கு ஏற்படுத்தும் சேதத்துக்குத்தான். கேரவனுக்குத் தனியாக எடுங்கள். நான் எடுக்கவில்லை.

ஃபோன் காட்டும் வழி

அந்தத் தம்பியின் கதைக்கு வருகிறேன்.  என் எடை மெஷினைக் கொண்டுபோய் முன்பாரத்தை அளந்தோம்: 52 கிலோ. ஆவ்னிங்கை வெளியே எடுக்கச் சொன்னேன். டிக்கியில் இருந்த தண்ணீரைக் கொட்டினோம். இரண்டு பெரிய பெட்டிகளைக் கேரவன் ஆக்ஸிலுக்கு மேலே மாற்றினோம். ஆவ்னிங்கையும் அங்கேயே வைத்தோம். மறுபடி அளந்தபோது முன்பாரம் கூடியிருந்தது. கார் ஏறக்குறைய நேராக நின்றது. ஒன்றரை மணி நேரம் தாமதம், பிள்ளைகளுக்குப் பசி. என் மனைவி உப்புமா கொடுத்து அனுப்பினாள்.

கிளம்பும் முன் அவருடைய ஃபோனை வாங்கிப் பார்த்தேன். ஏ170 சாலையில் சட்டன் பேங்க் வழியைக் காட்டியது. நாலடிக்கு ஓரடி இறங்கும் சரிவு அது; கேரவனுக்குத் தடை. மால்டன், யார்க் வழியாக ஏ64-க்கு மாற்றிக் கொடுத்தேன்.